பழைய பாக்கி: செட்டிநாட்டுப் பயணக் குறிப்புகள்

2025 செப்டம்பர் 10, புதன். காரைக்குடி

திருச்சி விமான நிலையத்திலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்கு வந்துகொண்டிருந்தபோதே கொழும்புச் செய்தி எங்கள் வேனுக்குள் வந்துவிட்டது. முன்னாள் ஜனாதிபதிகளுக்கு அரசு கொடுத்துவந்த வீடு, வாகனம், பணியாளர் முதலிய சலுகைகளை நீக்கும் சட்டமூலம், இலங்கைப் பாராளுமன்றத்தில் 151 வாக்குகளுக்கு 1 என்ற கணக்கில் நிறைவேறியிருந்தது. அந்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் நாடே ஒருமனதாக இருப்பதாக நினைத்துக்கொள்வார். எங்கள் வேன் அப்படி இல்லை.

பிள்ளையார்பட்டி தரிசனத்துக்காகச் சேர்ந்த கூட்டம் இது. யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர், அவரைப் பெரியப்பா என்றழைக்கும், கொழும்பில் வங்கியொன்றில் பணிபுரியும் பெறாமகள், புறக்கோட்டையில் பருப்பும் மிளகாயும் மொத்தமாக விற்கும் முதலாளி, மலையகத்து ஹட்டனிலிருந்து வந்த டீச்சர், கொட்டாஞ்சேனைக்காரனாகிய நான். 2022 இல் கோட்டாபய ராஜபக்ச வீட்டுக்குப் போகவேண்டும் என்பதில் எங்களுக்குள் மாற்றுக்கருத்தே இருக்கவில்லை. பெறாமகள் கொழும்புக் காலிமுகத்திடலில், போராட்டக்காரர்களோடு இரவுகளைக் கழித்தவள். முதலாளி அங்கே சோற்றுப் பார்சல்களும் தண்ணீர்ப் போத்தல்களும் அனுப்பியவர். டீச்சர் ஹட்டன் நகரில் பதாகை பிடித்தவர். மாஸ்டர் எங்கும் போகவில்லை. ஆனால் கோட்டாபய போனதற்காக அழவும் இல்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 நவம்பரில் 52 வீத வாக்குகளுடன் ஆட்சிக்கு வந்த கோட்டாபய, வந்த வேகத்தில் வரிகளைக் குறைத்தார்; 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார். டொலர் தீர்ந்தது, எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள், 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கமே அறிவித்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், ஏப்ரல் 9 அன்று, காலிமுகத்திடலில் கூடாரங்கள் எழுந்து ‘கோட்டா கோ கம’ (‘கோட்டாவே போ’ கிராமம்) உருவாகியிருந்தது. ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். அவர் மாலைதீவுக்கும் பின்னர் சிங்கப்பூருக்கும் போய், அங்கிருந்து மின்னஞ்சலில் பதவி விலகினார்.

இரவு மெஸ்ஸில் வெள்ளைப்பணியாரமும் மிளகாய்த் துவையலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தொலைக்காட்சியில் காத்மண்டு எரிந்துகொண்டிருந்தது. சமூக ஊடகத் தடையில் தொடங்கிய இளைஞர் போராட்டம், துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு பெருகி, நேபாளப் பிரதமர் கே.பி. சர்மா ஒலி முந்தைய நாள்தான் பதவி விலகியிருந்தார். எங்கள் ஓட்டுநர், புதுக்கோட்டைத் தம்பி, திரையைப் பார்த்துவிட்டு வெள்ளந்தியாகக் கேட்டார்: “உங்க ஊர்லயும் இப்படித்தானே சார்? நீச்சல் குளத்துல எல்லாரும் குதிச்சாங்களே!”

பெறாமகள் சிரித்தாள். முதலாளி துவையல் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “குதிச்சவங்களுக்கு அடுத்த நாள் பெட்ரோல் யார் குடுத்தது எண்டு கேளுங்க” என்றார். அவருக்கு, கோட்டாபயவுக்குப் பின் ஜனாதிபதியான ரணில் விக்கிரமசிங்கதான் நாட்டைக் காப்பாற்றியவர். பெறாமகளுக்கு அவர் போராட்டத்தைக் களவெடுத்தவர். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில்தான் எங்கள் இரவுச் சாப்பாடு ஆறிப்போனது.

செப்டம்பர் 11, வியாழன். கானாடுகாத்தான்

கானாடுகாத்தானில் தெருக்கள் நேர்கோடாக ஓடுகின்றன. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள். திண்ணையில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்து, கடைசியில் ஒரு துண்டு வெளிச்சம் நிற்கிறது. பர்மாத் தேக்குத் தூண்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

நாங்கள் பார்க்கப் போன வீட்டுக்குப் பங்காளிகள் பலர். கொழும்பிலிருந்து வந்திருக்கிறோம் என்று கேள்விப்பட்டதும், எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தாமே சாவியோடு வந்துவிட்டார். “வாங்க, வாங்க. செட்டியார் தெருவுல கடையெல்லாம் இருக்கா? கதிரேசன் கோயில்ல ஆடிவேல் எடுக்கிறாகளா?” என்றுதான் முதலில் கேட்டார். எடுக்கிறார்கள் என்றேன். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் அந்த வேல் தேர், 2022 இல் கூடாரங்கள் நின்ற அதே காலிமுகத்திடலைக் கடந்துதான் போகிறது. அவருடைய தந்தையார் கொழும்புக் கிட்டங்கியில் அடுத்தாளாகச் சேர்ந்து மேலாளாக உயர்ந்தவர். இலங்கையின் வயலுக்கும் தோட்டத்துக்கும் வணிகத்துக்கும் கடன் கொடுத்த நகரத்தார், 1930களின் பெருமந்தத்தில் கொடுத்தது திரும்பாமல் சிக்கிக்கொண்டார்கள். அந்நியரின் வட்டிப் பிடி என்ற கோபம் அரசியலாகியது. 1934 இல் வங்கி ஆணைக்குழு வந்தது, 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. செட்டியார் கைகள் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டன.

பெரியவர் பெட்டகத்தைத் திறந்து ஒரு பேரேட்டை எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, சிவமயம், ரௌத்திரி ஆண்டு. அதாவது 1920. கீழே நூல் பிடித்தாற்போன்ற கையெழுத்தில் வரவும் பற்றும். ஓரங்களைச் செல் அரித்திருந்தாலும் மை மங்கவில்லை. கடல் தாண்டிப் போகும் மேலாளுக்கு மூன்று வருடக் கணக்கு. தவணை முடிந்ததும் அவர் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் புதுக் கணக்கைத் திறப்பார். சண்டையே வராதா என்று டீச்சர் கேட்டார். “வராம இருக்குமா? முன்னவர் விட்ட பாக்கியில எதை இவர் தலையில எழுதுறது, எதை அவரோட முடிக்கிறதுங்கிறதுதான் சண்டை. லாபத்துல யாரும் அடிச்சுக்க மாட்டாக” என்றார் பெரியவர்.

கோட்டாபயவுக்குப் பிந்தைய எங்கள் சண்டையும் இதுதான் என்று எனக்குப் பட்டது. போனவர் போகவேண்டியவர் என்பதில் சண்டை இல்லை. ஆனால் பெறாமகளின் கணக்கு 2022 ஏப்ரல் 9 இல் திறக்கிறது. முதலாளியின் கணக்கு அதே ஆண்டு ஜூலை 20 அன்று, பாராளுமன்றத்தில் 134 வாக்குகளால் ரணில் ஜனாதிபதியான நாளில் திறந்து, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் ஒப்புதலோடு வரவுப் பக்கத்துக்கு வருகிறது. மாஸ்டருடையது போர் முடிந்த 2009 மே மாதத்தில், அல்லது சிங்களம் மட்டும் ஆட்சிமொழியான 1956 இல். டீச்சருடையது, தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தில். இவர்கள் எல்லோரும் ஒரே மைதானத்தில் ஒரே முழக்கத்தைச் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அந்த முழக்கம் ‘போ’ என்பதோடு நின்றுவிட்டது. எதை எடுத்துக்கொண்டு போ, எதை வைத்துவிட்டுப் போ என்று கேட்டிருந்தால் அன்றைக்கே திடல் பிரிந்திருக்கும்.

நண்பகலில் பெறாமகளின் கைபேசியில் அடுத்த செய்தி வந்தது. புதிய சட்டத்தின்படி, கோட்டாபயவின் அண்ணனும் முன்னாள் ஜனாதிபதியுமான மகிந்த ராஜபக்ச கொழும்பு விஜேராமையில் உள்ள அரசு வீட்டைக் காலிசெய்து தங்காலைக்குப் புறப்பட்டுவிட்டார். அவள் காணொளியை எல்லோருக்கும் காட்டினாள். அவளுக்கு அது நியாயமான மகிழ்ச்சி. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: “வீட்டை விட்டுப் போயிட்டார், சரி பிள்ளை. ஆமியிட்ட கையால குடுத்த பிள்ளையள் எங்க எண்டு போகேக்க சொல்லிப்போட்டுப் போனவரோ?” கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். காலிமுகத்திடலுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய போராட்டம் அது. அதற்கு யாரும் பார்சல் அனுப்பவில்லை.

மாஸ்டர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. தெற்கு எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றார் அவர். 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில் சிங்கள இளைஞர்கள், போரின் இறுதியில் இறந்த தமிழரின் நினைவாகக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சியை வாங்கிக் குடித்ததை நான் பார்த்தேன். அவர்களில் எத்தனை பேர் அதற்குப் பின்னும் அதை நினைத்தார்கள் என்பது வேறு கேள்வி. ஆனால் அந்தக் கஞ்சி நடந்தது.

வெளியே முகப்பின் சன்னல் கம்பிகளுக்கு ஒருவர் கறுப்பு எனாமல் அடித்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பளிங்குபோல் தேய்த்த உட்சுவர்களுக்கு வர்ணம் தேவையில்லை. இரும்புக்கும் மரத்துக்கும்தான் வேலை. எங்கள் பேச்சைக் கேட்டுத் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டுத் திரும்பினார். மாஸ்டர், “தம்பி எந்த இடம்?” என்றார். “மன்னார்ப் பக்கம், ஐயா. 90 இல வந்தது. அப்ப நான் சின்னப் பெடியன்” என்றார். இப்போது சிவகங்கை மாவட்டத்து மறுவாழ்வு முகாம் ஒன்றில் குடும்பத்தோடு இருக்கிறார். 2022 இல் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கிய புதிய குடும்பங்களில் ஒன்று அவருடைய உறவு. கோட்டாபய ஓடியதை முகாமில் எல்லோரும் கைபேசியில் பார்த்தார்களாம். நீங்கள் யார் பக்கம் என்று பெறாமகள் கேட்டது கொஞ்சம் அவசரமான கேள்வி. “எனக்கு அங்கயும் வோட்டு இல்லை, இங்கயும் இல்லைத் தங்கச்சி. என்ர பிள்ளையள் இங்கதான் பிறந்ததுகள், அதுகளுக்கும் இல்லை. யார் வந்தா எங்கள எடுப்பாங்கள் எண்டு நீங்கதான் சொல்லோணும்” என்றார். முதலாளியும் பெறாமகளும் ஒரே நேரத்தில் வாயெடுத்து, இருவருமே நிறுத்திக்கொண்டார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி. தேவகோட்டை

காரைக்குடியில் கம்பன் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டுத் தேவகோட்டைக்குப் போனோம். 1942 ஆகஸ்டில் இந்த ஊரில் கூட்டம் நீதிமன்றத்தைக் கொளுத்தியது. திருவாடானையில் சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்கள். ஓட்டுநர் தம்பிக்குக்கூட அந்தக் கதை தெரிந்திருக்கிறது. சொல்லும்போது பெருமையும் இருக்கிறது.

கொளுத்துவது பற்றிய பேச்சு இன்று எங்களை விடவில்லை. 2022 மே 9 அன்று பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து வந்த ராஜபக்ச ஆதரவாளர்கள் போராட்டக்காரர்களைத் தாக்கினார்கள். மாலைக்குள் நாடெங்கும் ஆளுங்கட்சி அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவையில் பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரல கொல்லப்பட்டார். ஜூலை 9 இரவு ரணிலின் தனிப்பட்ட வீடும் அதிலிருந்த நூல்களும் எரிந்தன. நடுத்தர வர்க்கத்தில் ஒரு பெரும் பகுதி போராட்டத்திலிருந்து மனம் விலகிய நாட்கள் இவை என்பது என் கணிப்பு. அதுவரை பிள்ளைகுட்டிகளோடு திடலுக்குப் போனவர்கள், அதற்குப் பிறகு ‘எங்களுடைய அரகலய (போராட்டம்) அல்ல அது’ என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். ஜூலை 22 அதிகாலையில் படையினர் திடலைச் சூழ்ந்து இளைஞர்களை அடித்து விரட்டியபோது, அவர்களில் பலர் வாய்திறக்கவில்லை. பெறாமகளுக்கு இன்றுவரை ஆறாதது அந்த மௌனம்தான், அடி அல்ல.

முதலாளி, ஒரு மனிதனின் நூலகத்தை எரித்தவர்கள் எப்படி முற்போக்காளர்கள் ஆவார்கள் என்று கேட்டார். கேள்வி சரியானதுதான். ஆனால் அதை யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் முன்னால் கேட்டுவிட்டார். 1981 ஜூன் முதல் நாள் விடிவதற்குள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்து முடிந்தபோது மாஸ்டர் இளம் ஆசிரியர். அப்போது ஆட்சியிலிருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் அமைச்சரவையில் ரணிலும் இருந்தார். மாஸ்டர் இதை எதையும் சொல்லவில்லை. “நான் அந்தச் சாம்பலைக் கையால அள்ளினனான்” என்று மட்டும் சொன்னார். பிறகு, நியாயத்துக்காகவே சொல்கிறேன், “இருந்தாலும் அவற்ர புத்தகங்களை எரிச்சது பிழைதான்” என்றும் சொன்னார். முதலாளி அதன் பிறகு மணிக்கணக்காக அரசியல் பேசவில்லை. மூன்று வாரங்களுக்கு முன், ஆகஸ்ட் 22 அன்று, அரச பணத்தைத் தனிப்பட்ட பயணத்துக்குச் செலவிட்டதாக ரணில் கைதுசெய்யப்பட்டதையும், சில நாட்களில் பிணையில் வந்ததையும் பற்றி அவர் மனதில் நிறைய இருந்தது, அதையும் விழுங்கிக்கொண்டார்.

தேவகோட்டையும் காரைக்குடியும் எனக்கு நினைவூட்டியது இன்னொன்று. காரைக்குடியில் கம்பன் கழகத்தை 1939 இல் தொடங்கிய சா. கணேசன், 1942 போராட்டத்தில் ஈடுபட்டவர். அந்தப் போராட்டத்தை ஏற்காமல் காங்கிரசிலிருந்து ஒதுங்கி நின்றவர் இராஜாஜி. ஆனால் 1962 தேர்தலில் காரைக்குடியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன சா. கணேசன், இராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்காரர். வெள்ளையனை அனுப்புவதில் எதிரெதிரே நின்றவர்கள், அனுப்பிய பிறகு வந்த கட்சியை எதிர்ப்பதில் ஒன்றானார்கள். வேனில் இருக்கும் நால்வரும் இன்னும் இருபது ஆண்டில் யார் யாரோடு நிற்பார்கள் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

இரவில் நேபாளத்தின் இடைக்காலப் பிரதமராக முன்னாள் பிரதம நீதியரசர் சுசீலா கார்க்கி பதவியேற்ற செய்தி வந்தது. “நாங்களும் இப்பிடி ஒராளைக் கேட்டிருக்கலாம்” என்றாள் பெறாமகள். வெளியாள் ஒருவருக்கு எங்கள் அரசியலமைப்பு இடம் வைக்கவில்லை. ஜனாதிபதி இடையில் போனால் மிச்சக் காலத்துக்குப் பாராளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். அந்தப் பாராளுமன்றமோ ராஜபக்சக்களுக்காக 2020 இல் மக்கள் கொடுத்தது.

செப்டம்பர் 13, சனி. பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி

பிள்ளையார்பட்டியில் விடியற்காலைத் தரிசனம் நன்றாக நடந்தது. குகையைக் குடைந்து செதுக்கிய பெரிய பிள்ளையார். கூட்டம் குறைவு. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் வெகுநேரம் நின்றோம். சட்டத்துக்குள் கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேல் பூ வேலைப்பாடு கொண்ட உலோக அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார் ஒருவர். அச்சைத் தூக்கும்போது நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவையை அடித்துச் சமன்செய்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். சூளையே இல்லை.

டீச்சர் பயணம் முழுவதும் குறைவாகப் பேசியவர். இங்கேதான் பேசினார். அவருடைய பாட்டனார் வழி ஊர் சிவகங்கைச் சீமையில் எங்கோ இருக்கிறது; எந்த ஊர் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கைப்படி சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. அப்பா அங்கேயே நின்றுவிட்டார். “எங்களுக்கு 2022 இல பெட்ரோல் பிரச்சின இல்ல சார். தோட்டத்துல யார்கிட்ட வண்டி இருக்கு? கோதம்ப மா விலைதான் பிரச்சின” என்றார். தொழிலாளர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெறும் வயிற்றோடு வந்ததையும், கொழும்புப் பத்திரிகைகள் வரிசைகளைப் படம் பிடித்த அளவுக்கு அதைப் பிடிக்காததையும் சொன்னார். 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலில் அவர் தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்தார். தோட்டங்களின் பழைய தொழிற்சங்கத் தலைமைகள் மேல் இருந்த சலிப்பு அது. அதன் தலைவர், 2024 இல் ஜனாதிபதியான அநுர குமார திசாநாயக்கவின் மேல் வந்த நம்பிக்கை என்று அவர் சொல்லவில்லை.

அந்தத் தேர்தல் முடிவைப் பலர் பிரிவினைகள் ஒழிந்ததற்குச் சான்றாகக் காட்டினார்கள். 2020 இல் 3 இடங்கள் மட்டும் பெற்றிருந்த கூட்டணி 225 இல் 159 பெற்றது; மட்டக்களப்பு ஒன்றைத் தவிர யாழ்ப்பாணம் உட்பட எல்லா மாவட்டங்களிலும் முன்னணி. ஆனால் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முந்திய ஜனாதிபதித் தேர்தலில் அநுர முதல் எண்ணிக்கையில் பெற்றது 42 வீதம். வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணவேண்டி வந்தது. தமிழ்ப் பொது வேட்பாளர் என்று நின்றவருக்கு 2 லட்சத்துக்கு மேல் வாக்குகள் விழுந்தன. இந்த ஆண்டு மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கில் தமிழரசுக் கட்சி மீண்டும் முந்திவிட்டது. யாழ்ப்பாணத்தவர் மனம் மாறி மாறி அலைகிறார்கள் என்று கொழும்பில் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிய ஆட்சிக்கு ஒரு தவணை கொடுத்துப் பார்த்தார்கள், பழைய பாக்கியைப் பற்றிப் பேச்சே இல்லாததால் அதை நினைவூட்டினார்கள். மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது, தானும் நவம்பரில் அவர்களுக்குத்தான் போட்டதாக முதல்முறையாக வெளியிட்டார். பெறாமகள் வாயடைத்துப் போனாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு. திருச்சி செல்லும் வழி

திருமயம் கோட்டையடியில் தேநீருக்கு நிறுத்தியபோது பேச்சு மாகாண சபைத் தேர்தலுக்குத் திரும்பியது. 1987 ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் பிறந்த சபைகள் அவை. கடைசித் தேர்தல்கள் நடந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன, இன்று எல்லா மாகாணங்களையும் ஆளுநர்களே நடத்துகிறார்கள். தேர்தலை உடனே வைக்கவேண்டும் என்று நால்வருமே சொன்னார்கள். முதலாளிக்கு, தம் கட்சி மறுபடி எழுவதற்கு ஒரு மேடை வேண்டும். டீச்சருக்கு, தோட்டத்துப் பாடசாலைக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவேண்டும். பெறாமகளுக்கு, தேர்தல் அறிக்கையில் சொன்னதைத் தன் அரசு செய்துகாட்டவேண்டும். ஒரு விடயத்திலாவது வேன் ஒத்துப்போனதே என்று நான் குறிப்பேட்டில் எழுத முற்பட்டேன்.

மாஸ்டர் கேட்டார்: “காணி அதிகாரத்தோடயோ, இல்லாமலோ? பொலிசோடயோ, இல்லாமலோ?” சட்டப்படி மாகாணங்களுக்கு உரியவை, நடைமுறையில் கொழும்பு கொடுக்காதவை, இந்த இரண்டு அதிகாரங்களும்.

பொலிஸ் கூடவே கூடாது என்றார் முதலாளி. அதையெல்லாம் புதிய அரசியலமைப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் பெறாமகள். எப்போது வரும் அந்த அரசியலமைப்பு என்று டீச்சர் கேட்க, அவள் தன் பெரியப்பாவைப் பார்த்தாள், அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். கீரனூர் தாண்டியும் அது ஓயவில்லை. விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கியபோது, காணியைச் சேர்க்கலாம், பொலிஸை விடலாம் என்ற இடத்தில் முதலாளியும், இரண்டும் இல்லாவிட்டால் தேர்தலே வேண்டாம் என்ற இடத்தில் மாஸ்டரும் நின்றார்கள்.